பொந்து மரங்களைத் தேடி: டாப்சிலிப் முதல் வாழச்சால் வரை

வெள்ளி, டாப்சிலிப்

மார்ச் மாதத்தில் ஆனைமலைக்கு வந்தால், பறந்து திரிகிற பெரிய இருவாச்சிகளில் (ஹார்ன்பில் பறவைகள்) பெரும்பாலும் ஆண்களைத்தான் பார்க்கலாம். முட்டையிட்ட பெட்டைகள் ஏதோ ஒரு மரப்பொந்துக்குள் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். இருவாச்சியை முன்பே பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை அது குடியிருக்கிற மரத்தைப் பார்க்க வேண்டும், அந்த மாதிரி மரங்கள் காட்டில் எங்கே மிஞ்சியிருக்கின்றன, எங்கே இல்லாமல் போயின என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் டாப்சிலிப், அதையொட்டிய கரியன் சோலை. பிறகு கீழே இறங்கி ஆழியாறு வழியாக வால்பாறை. கடைசியில் மளுக்கப்பாறைச் சாலையில் கேரளப் பக்கம் இறங்கி வாழச்சால். அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதிப் போடப் பார்க்கிறேன். காட்டுக்குள் சிக்னல் கிடைப்பதைப் பொறுத்து நேரம் முன்பின் ஆகலாம்.

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை சோதனைச் சாவடியைத் தாண்டி மலையேறினால், இருபுறமும் தேக்கு. மார்ச்சில் தேக்கு இலையுதிர்த்து நிற்கும். காய்ந்த இலைகள் தரை முழுக்க அப்பளம் மாதிரி நொறுங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்காக இந்த மலைத் தேக்கை வெட்டித் தள்ளினார்கள். யானைகள் கட்டைகளை இழுத்துவந்து மேட்டில் சேர்க்க, அங்கிருந்து சரிவில் கீழே விட்டார்கள். டாப்சிலிப் என்ற பெயர் அப்படி வந்ததுதான். வெட்டி வெட்டிக் காடு ஓய்ந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வன அதிகாரியாக இருந்த ஹூகோ உட் என்ற ஆங்கிலேயர் தேக்கை மறுபடி வளர்த்தெடுப்பதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். போகிற இடமெல்லாம் கைத்தடியால் குழி குத்தி விதை போட்டுக்கொண்டே போவார் என்று இங்கே சொல்வார்கள். 1933-இல் இறந்தவரின் கல்லறை இந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். மொட்டையாகிக் கிடந்த மலையைப் பச்சையாக்கிய மனிதர் அவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் நான் வந்த வேலை பொந்து தேடுவது. சாயங்காலம் வனத்துறை அனுப்பிய வழிகாட்டியோடு தேக்குத் தோட்டத்தின் ஓரமாக நடந்தேன். இந்த மலைக்காடுகளின் பழங்குடியான காடர் சமூகத்தைச் சேர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். நேராக, ஒரே உயரத்தில், ஒரே பருமனில் மரங்கள். தொலைநோக்கியால் ஒவ்வொரு மரமாக மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டே போனேன். இடையில் நின்ற ஒரு பட்ட மரத்தில் மரங்கொத்தி போட்ட ஓட்டைகள் தெரிந்தன. தேக்குகளில் கண்ணில் பட்டது ரொம்பக் குறைவு.

"தேக்குல பொந்து கம்மிதாங்க சார்" என்றார் அவர். "நட்ட மரம்ல, ஒரே வயசு. கெளை ஒடிஞ்சு, தண்ணி எறங்கி, உள்ள உளுக்கணும். அதுக்கு வயசாகணும்."

தேக்குத் தோட்டங்களைப் பொதுவாக 50, 60 ஆண்டுகளில் வெட்டிவிடுவது வழக்கம். இடையிடையே களையெடுப்பது போல வளைந்த மரம், நோய் பிடித்த மரம், நுனி முறிந்த மரம் என்று கழித்துக்கொண்டே வருவார்கள். கட்டை வியாபாரத்துக்கு அது சரியான முறை. ஆனால் பொந்து விழக்கூடிய மரங்களைத்தான் அது முதலில் கழிக்கிறது. நூறு வருஷம் இப்படிக் கவனமாகப் பராமரித்த காட்டில் மரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், கூடு வைக்க இடம்தான் இருக்காது.

இங்கே இப்போது வெட்டுவதில்லை. 1976-இல் சரணாலயம் ஆனது, பிறகு 2007-இல் புலிகள் காப்பகம். இன்னொன்றும் முக்கியம். கூடலூர்க் காடுகள் அழிவதைப் பார்த்து நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 2000 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் பட்ட மரம், நோயுற்ற மரம், சாகிற நிலையில் உள்ள மரம், காற்றில் விழுந்த மரம் எதையும் அகற்றக் கூடாது என்பது அது.  பொந்தில் வாழும் பறவைகளுக்கு இந்த நாட்டில் கிடைத்த பெரிய பாதுகாப்புகளில் ஒன்று என்று நான் இதைச் சொல்வேன், அந்த உத்தரவில் பறவை என்ற சொல்லை யாரும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. சாகிற மரத்தைச் சாக விட்டாலே போதும், பாதி வேலை முடிந்தது.

சனி, கரியன் சோலை

காலையில் வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். கொஞ்ச தூரம் தேக்கு, மூங்கில். அப்புறம் திடீரென்று நிழல் இறங்குகிறது, காற்று குளிர்கிறது, மரங்களின் அடி பருக்கிறது. கரியன் சோலை ஏறக்குறைய 5 சதுர கிலோமீட்டர்தான். உள்ளே நுழைந்தவனுக்கு அதற்கு எல்லை இருப்பதாகவே தோன்றாது.

முதலில் பார்த்தது இருவாச்சி இல்லை, தீக்காக்கை. வயிற்றில் நெருப்பு மாதிரி சிவப்பு கொண்ட ஆண், பழுப்பு நிறப் பெட்டை. என் இடுப்பு உயரம்கூட இல்லாத, உளுத்துப்போன ஒரு மொட்டைக் கட்டையில் மாறி மாறி அலகால் குடைந்துகொண்டிருந்தன. மரம் எவ்வளவு மெத்தென்று ஆகியிருந்தால் அந்தச் சின்ன அலகுக்கு வழிவிடும்! இந்தப் பறவைக்கு உயிருள்ள மரம் பயன்படாது, காய்ந்து கெட்டியாக நிற்கிற மரமும் பயன்படாது. உதைத்தால் உதிர்கிற கட்டைதான் வேண்டும். விறகு பொறுக்க வருகிறவர் கண்ணில் படாத, பாதையைச் சுத்தம் செய்கிறவர் கையில் சிக்காத கட்டை. நாங்கள் உடனே பின்வாங்கிவிட்டோம். கூடு குடையும் நேரத்தில் மனித நடமாட்டம் இருந்தால் விட்டுவிட்டுப் போய்விடும் என்றார் வழிகாட்டி அண்ணன்.

இன்னும் உள்ளே, காய்ந்த கிளை ஒன்றின் அடிப்பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. அதிலிருந்து குக்குறுவான் ஒன்று தலையை நீட்டி எங்களைப் பார்த்தது. மரங்கொத்தியும் குக்குறுவானும் தாமே பொந்து குடைகிறவை. வீட்டைக் கட்டிச் சில மாதம் இருந்துவிட்டு அடுத்த வருஷம் பெரும்பாலும் வேறொன்று குடையும். காலியான பொந்துக்குப் பின்னால் ஒரு கூட்டமே காத்திருக்கிறது: நீலச் சிறகுக் கிளி, மலை மைனா, சின்ன ஆந்தைகள், பட்டாணிக் குருவி, ஈப்பிடிப்பான்களில் சில. பறக்கும் அணிலும் வரும், தேனீயும் வரும். உலகத்தில் 1,800-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் மரப்பொந்தில் கூடு வைப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். மொத்தப் பறவை இனங்களில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குடையத் தெரியாது. இருக்கிற பொந்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பெரிய இருவாச்சியும் அப்படித்தான். அவ்வளவு பெரிய அலகு இருந்தும் அதற்குக் குடைய வராது. மூன்று கிலோ எடையுள்ள பறவை. அதன் உடம்பு நுழைய எந்த மரங்கொத்தி போட்ட ஓட்டையும் போதாது. காலம் குடைந்து கொடுத்தால்தான் உண்டு.

வழிகாட்டி அண்ணன் என்னை ஓடையைத் தாண்டி ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார வைத்தார். எதிர்ச் சரிவில், நல்ல தூரத்தில், ஒரு சீனி மரம். வெளிறிய தண்டு, அடியில் சுவர் சுவராக விரிந்த வேர்கள். நாலைந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது போலிருந்தது. இந்தப் பருவத்தில் சீனி இலையே இல்லாமல் நிற்கும் என்பதால் உச்சிவரை தெளிவாகத் தெரிந்தது. பாதி உயரத்துக்கு மேலே, எப்போதோ ஒடிந்த கிளையின் தழும்பு. அந்தத் தழும்பில் செங்குத்தாக ஒரு கீறல். தொலைநோக்கியில் பார்த்தபோது கீறலைச் சுற்றிச் சாந்து பூசினது மாதிரி இருந்தது.

"அதா சார். உள்ளாற இருக்கு."

பெட்டை உள்ளே போனதும் வாசலைத் தன் எச்சத்தாலும் உணவு மிச்சத்தாலும் பூசி அடைக்கும். அலகு மட்டும் வெளியே வரும் அளவுக்கு இடைவெளி விடும். பாம்பு, மரநாய், இடம் பறிக்க வரும் வேற்று ஜோடி எல்லாவற்றுக்கும் அந்தச் சுவர்தான் பதில். ஒன்றோ இரண்டோ முட்டை. அடைகாப்பது 38, 40 நாள். அந்தக் காலத்தில் பறக்கும் இறகுகளை உதிர்த்துப் புது இறகு முளைக்க வைத்துக்கொள்ளும், ஆக நினைத்தாலும் பறக்க முடியாது. குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் சுவரை உடைத்துக்கொண்டு தாய் வெளியே வரும். உள்ளேயிருக்கும் குஞ்சு தானே மறுபடி வாசலை அடைத்துக்கொள்ளும். யாரும் கற்றுக்கொடுக்காமல்! எல்லாம் முடிய நாலு மாதம் ஆகும். தாய் வெளியே வரும்வரை சோறு ஊட்டுவது ஆண் மட்டும்தான். அது சுடப்பட்டாலோ கண்ணியில் மாட்டினாலோ உள்ளே இருப்பவற்றின் கதை பெரும்பாலும் அதோடு முடியும்.

காத்திருந்தோம். வெயில் ஏறியது. பக்கத்து மரத்தில் மலபார் சாம்பல் இருவாச்சி ஒன்று தன் சிரிப்புக் குரலில் கத்திவிட்டுப் போனது. அதற்கப்புறம் அந்தச் சத்தம் வந்தது. பறவை வருவதற்கு முன்னால் இறக்கைச் சத்தம் வந்துவிடும். பெரிய இருவாச்சியின் சிறகடியில் காற்றை அடைக்கும் சிறு இறகுகள் இல்லாததால் ஒவ்வொரு வீச்சிலும் காற்று ஊடுருவிப் போய் அப்படி ஒலிக்கும். ஆண் நேராகக் கூட்டுக்கு வரவில்லை. தள்ளியிருந்த மரத்தில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு சீனி மரத்துக்குத் தாவி, தண்டில் வாலை ஊன்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து அத்திப் பழங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கீறலில் நீட்டியது. உள்ளேயிருந்து மஞ்சள் அலகின் நுனி வந்து வாங்கிக்கொண்டது. பதினெட்டு வரை எண்ணினேன், அப்புறம் எண்ணத் தோன்றவில்லை.

குஞ்சு பறந்துபோன பின்னால் அந்த மரத்தடியில் போய்ப் பார்த்திருக்கிறார் அண்ணன். துப்பிய, கழித்த விதைகளெல்லாம் முளைத்து அடியில் ஒரு நாற்றங்காலே இருக்குமாம். காட்டுச் சாதிக்காய், கருங்குங்கிலியம், வெள்ளை அகில் என்று பெயர் சொல்லிக்கொண்டே போனார். பழைய கூடுகளைக் கண்டுபிடிக்கக் காடர்கள் தரையைப் பார்த்தே தேடுவார்கள்.

இந்தப் பொந்து எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் பொந்து மரம் என்றாலே செத்துக்கொண்டிருக்கும் மரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மரத்தில் உயிர் ஓடுவது பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய வளையத்தில். நடுவிலுள்ள வைரம் பழைய, உயிரற்ற கட்டை. பெரிய கிளை ஒடிந்தால் அந்தக் காயம் வழியாக மழைநீரும் காளான் இழைகளும் உள்ளே இறங்கும். மரம் அந்தக் காயத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பும், காளான் உள்வைரத்தை மெல்லத் தின்னும். வெளி வளையம் தடித்துக்கொண்டே போகும், உள்ளே கூடு விரிந்துகொண்டே போகும். இரண்டும் சேர்ந்து நடக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். இருவாச்சி நுழையும் அளவுக்கு என்றால் இன்னும் அதிகம். அப்படிப்பட்ட மரம் அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாகப் பூத்துக் காய்க்கும். தடித்த உயிருள்ள சுவர் என்பதால் உள்ளே வெயிலின் சூடும் இரவின் குளிரும் அவ்வளவாக எட்டாது.

2011-இல் காக்கிள், மார்ட்டின், வெசோவ்ஸ்கி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் பல கண்டங்களின் கூடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வட அமெரிக்காவில் பொந்துக் கூடுகளில் 77 சதவீதம் மரங்கொத்தி போன்ற பறவைகள் குடைந்த பொந்தில் இருந்தன. ஆசிய ஐரோப்பிய நிலப்பரப்பிலும் தென் அமெரிக்காவிலும் அது 26 சதவீதம்தான். மீதியெல்லாம் இப்படி உளுத்து உண்டான பொந்துகள். காட்டில் மரங்கொத்தி இருக்கிறது, பொந்துக்குப் பஞ்சமில்லை என்று நாம் இருந்துவிட முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். நமக்கு வேண்டியது கிழட்டு மரங்கள்.

பழைய வனத் திட்டங்களில் இந்த மரங்களுக்கு வேறு மதிப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் சுதந்திரத்துக்குப் பிறகும் பல காலம் ரயில் கட்டைக்கும் ஒட்டுப்பலகைக்கும் பெருமரங்களைப் பொறுக்கி வெட்டினார்கள். வயது கடந்தவை, இனி பருக்காதவை, இடத்தை அடைத்து நிற்பவை என்று அவற்றுக்கு நியாயம் சொல்லப்பட்டது. 1988-இல் வந்த தேசிய வனக் கொள்கைதான் காட்டை வருமானமாகப் பார்ப்பதிலிருந்து திருப்பியது. அதற்குள் எத்தனை சீனி, எத்தனை தான்றி போயிருக்கும்! எதிர்ச் சரிவில் நின்ற அந்த ஒரு மரத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபமும் வந்தது, நன்றியும் வந்தது. வெட்டுக்குத் தப்பிய காரணம் எதுவானாலும் சரி, தப்பியதே.

மரத்தின் படம் எடுக்கவில்லை, இடமும் சொல்லப்போவதில்லை. கூட்டுக்குக் கீழே கூட்டம் கூடினால் ஆண் இரை கொண்டு வராமல் மணிக்கணக்கில் சுற்றும் என்பதைப் பறவை பார்க்கிற எல்லோரும் மனதில் வைக்க வேண்டும்.

ஞாயிறு, ஆழியாறு – வால்பாறை

இன்று பெரும்பாலும் சாலைதான். பொள்ளாச்சி இறங்கி, ஆழியாறு அணையைத் தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவுகள். அட்டகட்டி தாண்டும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. மேலே ஏறியதும் காடு விலகித் தேயிலை. தேயிலைக்கு நடுவே வரிசையாகச் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நிழல் மரம். கிளைகளை வருஷாவருஷம் கழித்துவிடுவார்கள். அதனால் கிளை தானாக ஒடிவதும் இல்லை, உளுப்பதும் இல்லை. விடுதி ஜன்னலிலிருந்து எண்ண முடியாத அளவுக்கு மரங்கள் தெரிகின்றன. பொந்து என்று ஒன்றுகூட இல்லை.

திங்கள், வால்பாறை

220 சதுர கிலோமீட்டர் பரந்த இந்த மேட்டு நிலம் 1890-கள் வரை மழைக்காடு. அதன் பிறகு காப்பியும் தேயிலையும் வந்தன. நடுவில் தீவுகள் மாதிரிக் காட்டுத் துண்டுகள் மிஞ்சின. சிலது ஊர் அளவு, சிலது ஒரு மைதானம் அளவு. பெரும்பாலானவை தனியார் தோட்டங்களுக்குள்தான் இருக்கின்றன என்பதால், இங்கே காடு காப்பது வனத்துறையின் வேலை மட்டுமில்லை, தோட்ட நிர்வாகங்களின் வேலையும்கூட.

காலையில் புதுத்தோட்டம் பக்கம் போனேன். சிங்கவால் குரங்குகளுக்காகத்தான் எல்லோரும் அங்கே வருவார்கள். நான் சாலையோரம் நின்றுகொண்டிருந்தபோது தேயிலைக்கு மேலே, அகலத் திறந்த வானத்தில், இருவாச்சி ஒன்று ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போனது. அதற்குப் பறக்கத் தடையில்லை. அத்தி எங்கே பழுத்திருக்கிறதோ அங்கே போய்விடும். மழைக்காட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த காப்பித் தோட்டங்களில் அடிக்கடி தென்படும். ஆப்பிரிக்காவிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்த மீசாப்சிஸ் மரத்தின் பழத்தையும் தின்கிறது, விதையைக் காட்டுத் துண்டுகளுக்குள் கொண்டுபோய்ப் போடவும் செய்கிறது. அது அங்கே களையாகப் பரவிவருவது வேறு தலைவலி. ஆக, வயிற்றுப்பாட்டுக்கு இந்தத் துண்டு நிலம் எப்படியோ வழி செய்கிறது. ஜனவரி வந்தால்தான் சிக்கல். அப்போது ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பொந்து வேண்டும். பழத்துக்காகப் பல கிலோமீட்டர் அலையும் பறவை, கூட்டுக்கென்று ஒரே இடத்துக்கு நாலு மாதம் வந்து போகிறது. அந்த ஒரு மரம் வெட்டுப்பட்டால் அந்த வருஷம் குஞ்சு இல்லை.

இந்தத் துண்டுகளைச் சீர்செய்யும் வேலை இங்கே இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷனைச் சேர்ந்த திவ்யா முடப்பா, சங்கர் ராமன் ஆகியோர் தோட்டங்களோடு பேசிப் பேசித் தொடங்கியது. உண்ணிச்செடியை வெட்டி, மண்ணின் மரங்களை நாற்று விட்டு நடுகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வகை. விதைகளில் நிறைய சாலையோரம் விழுந்து கிடப்பவை, விட்டால் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிப் போகிறவை.

மதியம் ஒரு நாற்றங்காலில் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்த அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். வெடிப்பலா, நாங்கு, கொல்லமாவு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"நட்டா மட்டும் போதாது தம்பி. காட்டுமாடு மிதிக்கும், வெயில்ல காயும், உண்ணிச்செடி மறுபடி மூடும். அஞ்சாறு வருஷம் பாத்துக்கணும். அதுக்கப்புறம் அதும்பாட்டுக்கு வளரும்."

முதலில் நட்ட இடங்களில் இப்போது நிழல் கூடிவிட்டது, உள்ளே நடந்தால் காட்டு வாசனை வருகிறது. மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனாலும் அந்த மரங்களின் தண்டை என் இரண்டு கையால் பிடித்துவிடலாம். பறவைக்குப் பழம் தர அவை சீக்கிரமே தயாராகிவிடும். கூடு தர இந்த நூற்றாண்டு முடிய வேண்டும். மரம் நடலாம், பொந்தை நட முடியாது. அதனால் நடுவதையும் விடக் கூடாது, இன்றைக்கு நிற்கிற கிழ மரம் ஒன்றைக்கூட இழக்கக் கூடாது. ஒரு தோட்ட மேலாளரிடம் எனக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தால் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஓடைக்கரையில், சாலை வளைவில், தொழிலாளர் குடியிருப்புக்குத் தள்ளி நிற்கிற பெரிய பழைய மரங்களுக்கு எண் போட்டுப் பட்டியல் எடுங்கள். ஆபத்தான கிளை இருந்தால் கிளையை மட்டும் கழியுங்கள். அதோடு, இன்னும் அறுபது வருஷத்தில் அவற்றின் இடத்துக்கு வரப்போகிற நடுத்தர மரங்களையும் இப்போதே குறித்து வையுங்கள். கிழ மரத்தை மட்டும் காப்பாற்றினால் அது விழும் நாளில் கை வெறுமையாக நிற்போம்.

செயற்கைக் கூடு வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. தாய்லாந்தில் பிலாய் பூன்ஸ்வாட் 1978-இல் இருவாச்சி ஆய்வைத் தொடங்கியவர். இயற்கைப் பொந்து பற்றாத இடங்களில் அவர் குழு பெட்டிக்கூடுகள் தொங்கவிட்டது, சிலவற்றில் பறவைகள் குடியேறிக் குஞ்சும் பொரித்தன. அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் செய்யும் இன்னொரு வேலை. பழைய பொந்தின் தரை உளுத்துப் பள்ளமாகிவிட்டால், உள்ளே உட்கார்ந்த பறவைக்கு வாசல் எட்டாது. மண் போட்டு உயர்த்துகிறார்கள். மரம் வளர்ந்து வாசலை மூடிக்கொண்டு வந்தால் செதுக்கி அகலப்படுத்துகிறார்கள். ஒரு மரம் நூறு வருஷம் செய்துவைத்ததைக் கைவிடாமல் இன்னும் சில காலம் நீட்டிப்பது அது. பெட்டிக்கூடு அவசரத்துக்கு உதவும். பெருமரங்களை வெட்டிவிட்டுப் பெட்டி மாட்டினோம் என்று கணக்குக் காட்ட அது வழியாகிவிடக் கூடாது.

செவ்வாய், வாழச்சால்

மளுக்கப்பாறைச் சோதனைச் சாவடியில் வண்டி எண்ணும் நேரமும் எழுதிக்கொண்டு விட்டார்கள். இந்தச் சாலையில் இரவில் போக்குவரத்து இல்லை. சோலையாற்றுப் பக்கம் அடர்ந்த காடு. இறங்க இறங்க வெப்பம் கூடி, சாலக்குடி ஆற்றின் கரையில் வேறு வகை மரங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள நான்கு வகை இருவாச்சிகளும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. மலபார் கருப்பு வெள்ளை இருவாச்சி ஆற்றோரக் காட்டை நம்பியிருப்பது. அதிரப்பள்ளிக்கு மேலே ஆற்றைக் கடந்து நாலைந்து ஒரே வரிசையில் போனதைப் பாலத்திலிருந்து பார்த்தேன். இங்கே 163 மெகாவாட் நீர்மின் திட்டம் வருவதாகப் பல ஆண்டுகள் பேச்சு இருந்தது. வந்திருந்தால் அந்தக் கரையோர மரங்கள் தண்ணீருக்கு அடியில் போயிருக்கும்.

வாழச்சால் காடர்கள் இருவாச்சிக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். முன்னொரு காலத்தில் குஞ்சுக்காகப் பொந்து ஏறியவர்களின் ஊர்களில்தான் இப்போது காவலர்கள். தேன் எடுக்கப் பெருமரம் ஏறிப் பழகியவர்களுக்கு எந்த மரத்தில் எந்த உயரத்தில் பொந்து என்பது தெரிந்திருந்தது. அந்த அறிவையே கேரள வனத்துறையும் ஆய்வாளர் அமிதா பச்சனும் கண்காணிப்பு வேலையாக மாற்றினார்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ், இங்குள்ள ஒன்பது காடர் குடியிருப்புகளுக்கு 2014-இல் சமூக வன உரிமையும் கிடைத்தது. காட்டை நிர்வகிப்பதில் அவர்கள் சொல்லுக்குச் சட்ட பலம் வந்தது. என்னைக் கேட்டால், பொந்து மரங்களைக் கணக்கெடுக்க இவர்களைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை. இதற்குச் சம்பளம் வருஷம் முழுக்க, தடையில்லாமல் வர வேண்டும். கூடு வைக்கும் நாலு மாதம் மட்டும் காவல், மற்ற மாதம் கைவிரிப்பு என்றால் மரம் அந்த மற்ற மாதங்களில்தான் விழும்.

மாலையில் ஒரு காவலரோடு ஆற்றோரம் உட்கார்ந்திருந்தேன். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். அவர் பார்க்கும் கூடுகளில் ஒன்றைப் போன வருஷம் தேனீ பிடித்துக்கொண்டது, இருவாச்சி ஜோடி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இந்த வருஷம் தேனீ போய்விட்டது, ஜோடி திரும்பி வந்திருக்கிறது. இன்னொரு மரத்தில் வாசல் வருஷாவருஷம் சுருங்கி வருகிறது. பட்டை இரண்டு பக்கமும் தடித்து உள்நோக்கி வளர்கிறது. இந்த முறை பெட்டை நுழைய ரொம்பச் சிரமப்பட்டதைப் பார்த்திருக்கிறார். அடுத்த வருஷம் நுழைய முடியாது என்பது அவர் கணிப்பு. தாய்லாந்தில் செதுக்குவதை நான் சொன்னதும் அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

"செய்யலாம். எப்ப செய்றதுன்னுதான் கணக்கு" என்றார். குஞ்சு வெளியேற மே ஆகும். அதுவரை மரத்தை யாரும் தொடக் கூடாது. ஜூன் முதல் வாரம் மழை பிடித்துவிட்டால் பட்டை வழுக்கும், ஏற முடியாது. நடுவில் கிடைப்பது சில நாட்கள். அதற்குள் வனத்துறையின் எழுத்து அனுமதி கையில் இருக்க வேண்டும், உளி பிடிக்கத் தெரிந்த ஒருவர் மேலே போக வேண்டும், எவ்வளவு செதுக்கலாம் என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அகலம் கூடிவிட்டால் பெட்டையால் பூசி அடைக்க முடியாமல் போகும். வாசல் அளவுகளைத் தன் நோட்டில் வருஷவாரியாக எழுதி வைத்திருந்தார். அதை ரேஞ்சர் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு நாளைக் காலை கிளம்புகிறார்.